பாடமணிக்கு அப்பால்: யாழ்ப்பாணக் கல்லூரிகளின் மன்றமும் மைதானமும் யாத்திரையும்

கல்லூரி வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் மூன்று விடயங்களையே விரித்தெழுதுவர்: அதிபர்களின் வரிசை, கட்டடங்களுக்கு அடிக்கல் நாட்டிய நாள்கள், பரீட்சையிற் சித்தியெய்தினோர் தொகை. மாலை மணி அடித்த பின் மாணவர் யாது செய்தனர் என்பது கடைசி அத்தியாயத்திலே, ‘ஏனைய துறைகள்’ என்னுந் தலைப்பின்கீழ் இரண்டு பக்கங்களில் முடிந்துவிடும். நம் முதியோரிற் பலர் கருத்தும் அத்தகையதே. பந்தடித்த நேரத்தில் இரண்டு கணக்குச் செய்திருக்கலாமே என்பது யாழ்ப்பாணத்துத் தந்தையர் வாயில் வழிவழி வந்த வாசகம். அதில் நியாயமும் உண்டு. நிலவளங் குறைந்த இக் குடாநாட்டிலே ஆங்கிலங் கற்று உத்தியோகம் பெறுவதே ஒரு குடும்பம் தலையெடுக்கும் வழியாய் நெடுங்காலம் இருந்தது.

ஆயினும் நம் சமூகத்தின் கதையை அறிய விரும்புவோன் அக் கடைசி அத்தியாயத்தையே முதலிற் படித்தல் வேண்டும் என்பது என் எண்ணம். வகுப்பிலே படிக்கவேண்டிய பாடம் முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. யாரோடு சேர்ந்து ஆடுவது, யார் கையாற் சமைத்ததை உண்பது, யாரோடு ஒரே வண்டியில் ஏறுவது என்பனவோ வகுக்கப்படாதிருந்தன. மணி அடித்தபின் மாணவர் இவற்றுக்குத் தாமே விடை காண வேண்டியதாயிற்று. அவ் விடைகளிற் சில இன்றும் நமக்குப் பெருமை தருவன; சில தலைகுனியச் செய்வன.

அமெரிக்க மிசனரிமார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பாடசாலைகளைத் தொடங்கினர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினறி எழுந்தது. அதன் முதல்வர் தானியேல் பூவர் துரை கணிதத்தையும் வானசாத்திரத்தையும் ஏட்டளவில் விட்டுவிட விரும்பாதவர். 1829இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை ஒட்டி எழுந்த வழக்கு அக்காலத்திற் பெரிதாகப் பேசப்பட்டது. ஊரிலே பேர்பெற்ற பஞ்சாங்க கணிதராகிய விசுவநாத சாஸ்திரியாரின் கணிப்பையும் தம் கணிப்பையும் ஒப்புநோக்கிய பூவர், கிரகணம் தொடங்கும் வேளையும் நிற்கும் நேரமும் மறைக்கும் அளவும் வேறாகும் என்று முன்னரே கூறினார். கிரகணம் அவர் கூறியபடியே நிகழ்ந்தது என்பது வரலாறு. இக்கதையை எழுதிவைத்தோர் மிசனரிமாரே என்பதையும் நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்; சாஸ்திரியாரின் பக்கத்தை எழுதுவார் இல்லை. எனினும், புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஆகாயத்தைப் பார்த்துக் கணக்கைச் சரிபார்க்கும் வழக்கம் நம் பிள்ளைகளுக்கு அங்கே ஏற்பட்டது என்பதில் ஐயமில்லை. அச் செமினறியிற் பயின்ற இருவர், ஹென்றி மார்ட்டினும் சேத் பேய்சனும், 1841இல் தொடங்கிய ‘உதயதாரகை’ப் பத்திரிகையின் ஆசிரியர்களாயினர்.

வானத்தை நோக்குவதில் எவர்க்கும் வில்லங்கம் இல்லை. சோற்றிலேதான் வில்லங்கம் தொடங்கிற்று. விடுதியில் வந்து தங்கிய சைவ மாணவர் மிசன் வளவினுள்ளே சமைத்த உணவை முதலில் உண்ண மறுத்தனர். ஆகவே வளவுக்கு வெளியே, சைவச் சமையற்காரரைக் கொண்டு சமைக்க வேண்டியதாயிற்று. ஆங்கிலம் வேண்டும், அடுக்களை வேண்டாம் என்பது அன்றைய பெற்றோர் கொண்ட முடிவு. இதனைச் சமயப் பற்று என்று மாத்திரம் கூறி அமைதல் பொருந்தாது. சைவாசாரமும் சாதி ஆசாரமும் அங்கே ஒரே பானையில் வெந்தன. காலஞ் செல்லச் செல்லச் சமையல் வளவினுள் வந்தது, பந்தியும் ஒன்றாயிற்று. ஆனால் அந்தப் பந்தியில் இருக்க அனுமதி பெற்றோர் யார், பாடசாலைப் படலையையே தாண்ட முடியாதிருந்தோர் யார் என்ற கேள்வி இன்னும் நூறாண்டுக்கு மேல் உயிரோடிருந்தது.

மிசனரிமார் கொண்டுவந்த அமைப்புகளை நம்மவர் எவ்வாறு எடுத்துக்கொண்டனர் என்பது சுவையான பகுதி. ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரிடம் மத்திய பாடசாலையிற் பயின்று, அங்கேயே ஆசிரியராயும் இருந்து, விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்றவர். அங்கு வாரந்தோறும் நிகழ்ந்த பிரசங்கத்தின் ஆற்றலை நேரிற் கண்டவர். அவரே 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆந் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார். அடுத்த ஆண்டில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். புராணபடனம் நம்மிடம் பழைமையாய் இருந்தது. கேட்போரை நோக்கி வசன நடையில், ஒரு பொருளை எடுத்து நிறுவிப் பேசும் முறை மிசன் மேடையிலிருந்து கோயில் மண்டபத்துக்கு வந்தது. இதைச் சொல்வது நாவலர் பெருமையைக் குறைப்பதாகாது. எதிராளி கையிலுள்ள வாளின் நிறையை அறிந்தவனே அதனை வாங்கிச் சுழற்ற வல்லவன்.

இவ்வாறே சங்கங்களும் வந்தன. வட்டுக்கோட்டைச் செமினறி 1855இல் மூடப்பட்டது. அதன் வழித்தோன்றலாக 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கப்பட்டது. அங்கே 1884இல் பிராங் சாண்டேர்ஸ் என்னும் இளம் அமெரிக்க ஆசிரியர் வாலிபர் கிறித்தவ சங்கத்தை நிறுவினார். அக்கிராசனர், காரியதரிசி, தனாதிகாரி, கூட்டக் குறிப்பேடு, சந்தா, விவாதம், ஊர்த்தொண்டு ஆகிய உறுப்புக்களெல்லாம் அதனோடு வந்தன. பின்னர் நாடெங்கும் தோன்றிய இந்து வாலிபர் சங்கங்கள் பெயரிலும் அமைப்பிலும் அதற்கு எவ்வளவு கடன்பட்டவை என்பதை நம் சங்க யாப்பை எடுத்துப் படிப்போர் உடனே காண்பர். தேவாரத்துடன் தொடங்கும் நமது பொதுக்கூட்டத்திலே, சென்ற கூட்டக் குறிப்பை ஒருவர் வாசிக்க, மற்றொருவர் பிரேரிக்க, இன்னொருவர் ஆமோதிக்கும் வழக்கம் எங்கிருந்து வந்ததென்று நாம் வினவுவதில்லை. மிசன் கல்லூரியிற் பயின்று இச் சங்கத்தில் தொண்டு செய்யும் என்போன்றோர்க்கு அது உடனே புலப்படும்.

கல்லூரிகளின் தோற்றமும் இவ்வாறே. வண்ணார்பண்ணையில் 1886இல் ஆங்கிலப் பாடசாலை ஒன்றைத் தொடங்கிய வில்லியம் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை வட்டுக்கோட்டைச் செமினறி வழிவந்தவர். தருக்க நூலொன்றைத் தமிழில் எழுதியவர். ‘வில்லியம் நெவின்ஸ்’ என்ற பெயரே செமினறி மாணவர்க்கு அமெரிக்கக் கொடையாளர் பெயர்களை இட்ட வழக்கத்தின் எச்சம். அப் பாடசாலையைச் சைவ பரிபாலன சபை 1890இல் ஏற்று யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி ஆக்கிற்று. ஏழாண்டின் பின், 1897 சனவரியில், மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்த சுவாமிகள் அக் கல்லூரியிலே வேதாந்தம் பற்றிப் பேசினார். பரீட்சைப் பாடத்தில் இல்லாத அந்த ஒரு மாலை, கல்லூரி நினைவிலே எத்தனையோ பரீட்சைப் பெறுபேறுகளை விஞ்சி நிற்கிறது.

இனி மைதானத்துக்கு வருவோம். நம் ஊர்களில் ஆட்டத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை. தாச்சி என்றும் கிளித்தட்டு என்றும் வழங்கும் ஆட்டம், கிட்டியடித்தல், சித்திரை வருடப் பிறப்பிலே போர்த்தேங்காய், வெளிகளில் மாட்டுவண்டிச் சவாரி என்பன இருந்தன. கிளித்தட்டுக்கு வேண்டுவது நிலத்திற் கீறிய கோடுகளும் இரண்டு கட்சியும் மாத்திரமே. ஓட்டம், ஏமாற்று, கூட்டு முயற்சி யாவும் அதில் உண்டு. ஆயினும் மிசன் கல்லூரிகள் அதனைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. அவற்றின் வழிவந்த நம் இந்துக் கல்லூரிகளும் பார்க்கவில்லை. கிறிக்கெற்றும் உதைபந்தாட்டமும் கல்லூரி ஆட்டங்களாயின. கிளித்தட்டு ஒழுங்கையிலேயே நின்றுவிட்டது. பிறர் தந்ததை எடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. நம்மிடம் இருந்ததை அந்த மைதானத்தின் ஒரு மூலையிலாவது வைக்காமற் போனோமே என்பதே என் குறை.

கிறிக்கெற் யாழ்ப்பாணத்தில் வேரூன்றிய கதைக்கு 1904ஆம் ஆண்டு முக்கியமானது. அவ்வாண்டிலே மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே முதற் போட்டி நிகழ்ந்தது. ஒன்று மெதடிஸ்த மிசனுடையது. மற்றது 1823இல் நல்லூரில் அங்கிலிக்கன் மிசன் தொடங்கிய ஆங்கிலச் செமினறியின் வழிவந்து சுண்டிக்குழியில் வளர்ந்தது. ‘வடக்கின் பெருஞ்சமர்’ எனப்படும் அப்போட்டி மத்திய கல்லூரி மைதானத்திலே ஒல்லாந்தர் கோட்டையின் அருகே நடைபெறுவது. போர்க் காலத்திற் சில ஆண்டுகள் தடைப்பட்டும், அற்றுப்போகவில்லை. இரண்டும் கிறித்தவ மிசன்கள் அமைத்த கல்லூரிகள். ஆடியோரிலும் மதிலில் ஏறியிருந்து கூவியோரிலும் சைவர் ஏராளம். திருநீறு பூசிய நெற்றியோடு பரியோவானுக்காகத் தொண்டை கிழியக் கத்தும் முதியவரை அங்கு இன்றுங் காணலாம். சமய வாதத்தில் எதிரெதிர் நின்றோரின் பேரப்பிள்ளைகள் ஒரே கட்சியில் மட்டை பிடித்ததைத் துண்டுப்பிரசுரம் எழுதிய பழைய கண்டனகாரர் எவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

மாணவரை இல்லங்களாகப் பிரித்துப் போட்டி வைக்கும் முறையும் இங்கிலாந்துப் பள்ளிகளிலிருந்து வந்ததே. பரியோவானில் பீற்றோ, தொம்சன், பாகிற்றர் முதலிய பெயர்கள் இல்லங்களுக்கு வழங்கின. இந்துக் கல்லூரி அதே முறையை எடுத்து, நாகலிங்கம், காசிப்பிள்ளை, சபாபதி, செல்லத்துரை, பசுபதி என்று தன் முன்னோர் பெயர்களைச் சூட்டிற்று. மெய்வல்லுநர் போட்டி நாளிலே ஒவ்வோர் இல்லமும் தன் கூடாரத்தைக் கோபுரமாகவும் கப்பலாகவும் அலங்கரித்து, அதற்கும் புள்ளி பெறுகின்ற வழக்கமோ முழுக்க முழுக்க நம்முடையது. திருவிழாச் சிகரங் கட்டிய கைகள் விளையாட்டுப் போட்டியையும் திருவிழாவாக்கின.

இந்த மைதானங்களிலிருந்து உலகறிய எழுந்தவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். மத்திய கல்லூரி மாணவராய் உயரம் பாய்தலில் தேர்ந்து, 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டிக்குச் சென்றார்; 1956இல் மெல்பேணுக்கும் சென்றார். 1958இல் தோக்கியோவில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டு விழாவிலே 2.03 மீற்றர் பாய்ந்து தங்கப் பதக்கம் வென்றார். ஆசிய விழாவில் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது தங்கம் அதுவே. 1958 இந் நாட்டுத் தமிழர்க்கு எத்தகைய ஆண்டு என்பதை முதியோர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இனக்கலவரம் மே மாதத்தில். அவர் பாய்ந்ததும் அதே மே மாத இறுதியை ஒட்டிய விழாவில்.

யாத்திரையின் கதை புகைவண்டியோடு தொடங்குகிறது. 1905இல் தென்னிலங்கையையும் காங்கேசன்துறையையும் இணைக்கும் இருப்புப்பாதை முழுமையடைந்தது. அதற்கு முன் மாணவரின் உல்லாசப் பயணம் கீரிமலைக் கேணியோடும் தீவுப்பகுதித் தோணியோடும் நின்றது. பாதை திறந்தபின் அநுராதபுரம், கண்டி, பேராதனைப் பூந்தோட்டம், கொழும்புத் துறைமுகம் என்பன ஓர் ஆசிரியரும் ஒரு வகுப்பும் கூடிச் செல்லக்கூடிய இடங்களாயின. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் சேவையும் ஏற்பட்டபோது இராமேசுவரம், மதுரை, சிதம்பரம் என்பனவும் அணுகிவந்தன. சிதம்பர தரிசனத்தைக் கல்விச் சுற்றுலாவாக மேற்கொள்ளும் வசதி அதற்குமுன் எந்த மாணவனுக்கும் எளிதிற் கிடைத்ததில்லை. 1964 டிசம்பரில் அடித்த சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. அந்தப் பழைய வழியும் அதனோடு போயிற்று.

சாரணர் இயக்கம் 1912இல் மாத்தளையிலே தொடங்கி நாடெங்கும் பரவியது. கூடாரமும் கயிற்று முடிச்சும் மேனாட்டுச் சரக்கு என்று சிரித்தோர் உண்டு. நல்லூர்த் திருவிழாவிற் சனநெரிசலை ஒழுங்குசெய்யவும், வழிதவறிய குழந்தைகளைத் தாயிடம் சேர்க்கவும் அதே சாரணச் சிறுவர் நின்றபோது அச் சிரிப்பு அடங்கிற்று.

இனி, முன்பு பந்தியில் விட்ட கேள்விக்குத் திரும்புவோம். 1924இல் யாழ்ப்பாண மாணவர் மகாநாடு தோன்றியது. பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்ற அவ்வியக்கத்தின் முன்னோடி ஹண்டி பேரின்பநாயகம், யாழ்ப்பாணக் கல்லூரியிற் பயின்றவர். கல்லூரி விவாத மன்றங்களிலே பேசிப் பழகியோர் அங்கே நாட்டு விடுதலையையும் தாய்மொழிக் கல்வியையும் தீண்டாமை ஒழிப்பையும் எடுத்துப் பேசினர். பேசியதோடு நில்லாது சமபந்தி போசனமும் நடத்தினர். 1927 நவம்பரில் அவர்கள் அழைப்பையேற்று மகாத்மா காந்தி யாழ்ப்பாணம் வந்து, இந்துக் கல்லூரிகள் மிசன் கல்லூரிகள் என்ற பேதமின்றிச் சென்று மாணவரிடம் கதர் நிதிக்குப் பணமுடிப்புப் பெற்றார். 1931இல் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கும் அளவுக்கு அவ்விளைஞர் குரல் வலுப்பெற்றிருந்தது.

வெளியே நிலைமை வேறு. அதே காலத்திலே உதவிபெறும் பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குச் சம ஆசனம் கொடுக்கவேண்டும் என்று கேட்டபோது, ஊரிற் பெரியவர்கள் எனப்பட்டோர் பலர் எதிர்த்தெழுந்தனர். நிலத்தில் இருந்தே படிக்கட்டும், அல்லது படிக்காமலே இருக்கட்டும் என்பது அவர்கள் வாதம். எதிர்த்தோரில் நம் சமயத்தவரும் இருந்தனர், கிறித்தவரும் இருந்தனர். வாங்கில் இடமில்லாத பிள்ளைக்கு அணியில் இடமேது? ஆகவே முற்காலக் கல்லூரி அணிகளின் பழைய நிழற்படங்களை நாம் பெருமையோடு பார்க்கும்போது, படத்தில் இல்லாதோரையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் வந்தது. அதன் பின்னும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் நிகழ்ந்தது யாவரும் அறிந்ததே. அக்காலத்துக் கல்லூரி உதைபந்தாட்ட அணி ஒன்றில் தோளோடு தோள் நின்று ஆடக்கூடிய இருவர், அக் கோயிலின் உள்வீதியில் தோளோடு தோள் நிற்க முடியாதிருந்தனர். முதியோர் மனம் வருந்துவரேல் பொறுத்தருள்க. இந்து வாலிபர் மலரில் இதை எழுதாது வேறெங்கு எழுதுவது?

மறுபுறத்தே நினைந்து மகிழத்தக்க செய்தியும் உண்டு. கிறித்தவக் குடும்பத்திற் பிறந்த அதே பேரின்பநாயகத்தைப் பின்னாளிற் கொக்குவில் இந்துக் கல்லூரி தன் அதிபராக ஏற்றது. மட்டக்களப்பின் மெதடிஸ்த, கத்தோலிக்கப் பாடசாலைகளிற் பயின்ற மயில்வாகனனார், யாழ்ப்பாணம் சம்பத்தரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்து, மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராயிருந்து, பின்பு துறவு பூண்டு சுவாமி விபுலாநந்தரானார். நிறுவனங்களின் மதில்கள் உயரமாயிருந்தன. ஆட்கள் அவற்றைத் தாண்டிப் போய்வந்தனர்.

1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் உதவிபெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசாங்கத்தின் வசமாயின. மத்திய கல்லூரியும் இந்துக் கல்லூரியும் அவ்வாறாயின. பரியோவானும் யாழ்ப்பாணக் கல்லூரியும் தனியே நின்றன. பிறகு போர். 1990இல் யாழ்ப்பாணப் புகைவண்டி நின்றது. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் போயின. கோட்டை முற்றுகையின்போது மத்திய கல்லூரிச் சூழல் போர்க்களமாயிற்று. கீரிமலையும் காங்கேசன்துறையும் பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. 2014 ஒக்டோபரில் வண்டி மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வரும்வரை, இருபத்துநான்கு ஆண்டுகளாக, குடாநாட்டை விட்டு வெளியேறாத ஒரு பிள்ளைக்குப் புகைவண்டி பாடப்புத்தகத்துப் படம் மாத்திரமே. நூறாண்டுக்கு முன் பாட்டனார் வகுப்போடு கண்டிக்குப் போனார். பேரன் கீரிமலைக்கும் போக முடியாதிருந்தான்.

பெண்கள் கல்வியைப் பற்றி இதுவரை சொல்லாதது, அவர்களுக்கு மைதானம் பிந்திக் கிடைத்ததனாலேயே. உடுவில் மகளிர் பாடசாலை 1824இல் தோன்றியது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் சைவப் பெண்களுக்காக இராமநாதன் கல்லூரியை 1913இல் நிறுவினார். தையலும் சங்கீதமும் பெற்றோர்க்கு உவப்பாயிருந்தன. ஓட்டமும் பாய்ச்சலும் நெடுங்காலம் உவப்பாயில்லை. வலைப்பந்தாட்டம் மெல்ல மெல்ல இடம்பிடித்தது. உதைபந்தாட்டமோ ஆண்களுக்கேயுரியது என்ற எண்ணம் அண்மைவரை நிலைத்தது. அவ்வெண்ணத்தை மாற்றினோர் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவியர். 1910இல் பாவலர் துரையப்பாபிள்ளை நிறுவிய அக் கல்லூரி போரினால் இடம்பெயர்ந்து, பின்னர் தன் மண்ணுக்குத் திரும்பியது. அங்கிருந்து புறப்பட்ட பெண்கள் அணி தென்னிலங்கை மைதானங்களிலே அகில இலங்கைப் பட்டங்களை வென்று மீண்டது. 1816இல் மிசனரிமார் பாடசாலை தொடங்கிய அதே தெல்லிப்பழையிலே, மாலை வேளைகளில் அப் பிள்ளைகள் பந்துதைத்துப் பழகுவதைப் பார்க்க இப்பொழுது தாய்மாரும் வந்து நிற்கின்றனர்.